துணைச் சீட்டில் என் பெயர்

ஜூலை 2, வியாழன்

மதிப்பிற்கும் பயத்திற்கும் உரிய டிரைவிங் ஸ்கூல் ஆசிரியை அவர்களுக்கு,

உங்களுக்கு இருக்கும் ஒரே தங்கை எழுதுவது. வேறு ஸ்டாக் இல்லை.

என் எண்ணை நீ தடுத்து வைத்திருக்கிறாய். அப்பாவின் போனில் கூப்பிட்டாலோ, என் மூச்சுச் சத்தத்திலேயே ஆளைக் கண்டுபிடித்துத் துண்டித்துவிடுகிறாய். ஆகவே, தினமும் நீ இருக்கும் ஊர்க் கடைகளுக்கு ரொட்டி இறக்க வரும் அப்பாவின் வேனில் இந்தக் கடிதத்தை ஏற்றி அனுப்புகிறேன். உறைக்குள் துகள் கிடந்தால் அது ரொட்டி அல்ல, உன்னை நினைத்து நான் உதிர்ந்தது என்று வைத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். பிரசவ வகுப்பில் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். உள்ளங்கையில் ஐஸ்கட்டியைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு வலி வந்து போகும் நேரம்வரை மூச்சை மெதுவாக விட்டுப் பழக வேண்டும். துணைக்கு வருபவரும் கூடவே செய்ய வேண்டும். துணை நான். நானும் செய்தேன். என்ன, என் கையில் இருந்தது ஜூஸில் போடுகிற பிளாஸ்டிக் ஐஸ்கட்டி. ஃப்ரிட்ஜ் பக்கமே போகாதது. நீ முகம் சுளித்து, கண் கலங்கி, ஐஸை சிங்க்கில் போட்டபோதெல்லாம் நான் மின்விசிறியைப் பார்த்தபடி கொட்டாவி விட்டேன். நடிப்பு நன்றாக வந்தது. அதுதான் வம்பாகிவிட்டது.

ஒரு வாரம் ஓட்டிவிட்டுச் சொல்லிச் சிரிக்கலாம் என்றிருந்தேன். அதற்குள் அது சோபாவுக்கு அடியில் உருண்டு போய், அம்மா பெருக்கும்போது கையில் சிக்கி, "இது என்னடி, உருகவே இல்ல?" என்று வேறு யாரையும் கேட்காமல் உன்னிடமே கேட்டுத் தொலைத்தாள்.

நீ ஒரு வார்த்தை திட்டவில்லை. பெட்டியை எடுத்தாய், அம்மாவைக் கூட்டிக்கொண்டாய், ஆஸ்பத்திரிக்கு எதிரே வாடகைக்குப் பிடித்த அறைக்கு ஒரு வாரம் முன்னதாகவே கிளம்பிவிட்டாய். திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு சொல்லியிருப்பேன். இப்போது அந்த நாலும் வாய்க்குள்ளேயே கிடந்து புளிக்கின்றன.

அக்கா, கொஞ்சம் யோசி. அங்கே பிரசவ அறைக்குள் ஒரே ஒரு பெண்தான் துணைக்கு வரலாம். அவளும் வகுப்புக்கு வந்தவளாக இருக்க வேண்டும். மாமா கப்பலில் யாருக்கோ சமைத்துக்கொண்டிருக்கிறார். குழந்தை கவிழ்ந்து படுக்கும் நேரத்துக்குத்தான் கரைக்கு வருவார். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி வாசனை பட்டாலே ரத்த அழுத்தம் கூரையைத் தொடும். வகுப்புக்கு வந்தவள் நான் ஒருத்திதான். துணைச் சீட்டில் என் பெயரை எழுதிக் கொடுத்துவிடு.

இப்படிக்கு,
உருகாததைப் பிடித்துவிட்டு இப்போது உருகிக்கொண்டிருக்கும்
வாலு


ஜூலை 4, சனி

வாலுக்கு,

கடிதம் வந்தது, வெண்ணெய்க் கறையோடு. சிரிப்பு வரவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். போன மாதம் மயக்க மருந்து டாக்டர் என் முதுகு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். நான் பள்ளியில் படிக்கும்போது கீழ்முதுகில் இரண்டு கம்பி வைத்தார்களே, அவை சரியாக, பிரசவ வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் ஊசி இறங்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. "முதுகு ஊசி உங்களுக்கு வேணாம்மா. போட்டாலும் மருந்து எந்தப் பக்கம் போகும்னு என்னால சொல்ல முடியாது" என்றார். வகுப்புக்கு வரும் மற்றப் பெண்கள் ஊசி வேண்டாம் என்று வருகிறார்கள். நான் ஊசி கிடையாது என்பதால் வந்தேன்.

உன்னிடம் இதைச் சொல்லவில்லை. உனக்குப் பயம் வந்தால் ஜோக் அதிகமாகும். அதைத் தாங்க எனக்குத் தெம்பு இல்லை.

அந்த ஒரு வாரம் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? தடுப்பூசி போட ஆள் வந்தால் கட்டிலுக்கு அடியில் ஒளிகிறவள், என்னைவிடப் பத்து வயது சின்னவள், ஐஸைப் பிடித்துக்கொண்டு கொட்டாவி விடுகிறாள். எனக்கு மட்டும் கண்ணில் தண்ணீர் வருகிறது. என் உடம்பே மட்டமான சரக்கு என்று முடிவு செய்துவிட்டேன். நீ மாட்டிக்கொள்வதற்கு முதல் நாள்தான் டாக்டரிடம் போய், முழு மயக்கம் கொடுத்து ஆபரேஷன் பண்ணிவிடுங்கள் என்று கேட்டேன். இப்போதைக்கு அவசியம் இல்லை, உங்கள் விருப்பம் அதுதான் என்றால் பத்தாம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் உறுதியாகச் சொல்லுங்கள் என்றார்.

உன் கையில் இருந்தது பிளாஸ்டிக் என்று தெரிந்தபிறகு மனது மாறியிருக்க வேண்டும் அல்லவா? மாறவில்லை. ஐஸை சிங்க்கில் போட்டது நான்தானே.

வண்டி ஓட்டப் பழகுகிறவர்கள் கையில் நான் தைரியமாக ஸ்டியரிங்கைக் கொடுப்பது, என் காலடியில் இன்னொரு பிரேக் இருப்பதால். இந்த விஷயத்தில் எனக்கு அந்தப் பிரேக் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் என் பக்கத்தில் நிற்கிறவள் நிஜமாக நிற்க வேண்டும்.

சீட்டில் யார் பெயரும் எழுதப்போவதில்லை. தேர்வுக்குப் படி.

அக்கா


ஜூலை 6, திங்கள்

அக்கா,

மூன்று தாள் வீணாகிவிட்டது. ஒவ்வொன்றிலும் முதல் வரியில் ஒரு ஜோக் வந்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டது. எழுப்பி அனுப்பிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இடையில் ஏதாவது ஒன்று திரும்பி வந்தால் மன்னித்துவிடு. அவற்றுக்கு வேறு வீடு இல்லை.

கம்பி இருப்பது எனக்குத் தெரியும். அதனால் ஊசி போட முடியாது என்பது தெரியாது. தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டேன். இதை நீ நம்ப வேண்டியதில்லை.

சனிக்கிழமை உன் கடிதத்தைப் படித்ததும் ஃப்ரீசரிலிருந்து நிஜ ஐஸை எடுத்துப் பிடித்தேன். நீ பிடித்தபோது ரேடியோவில் ஒரு முழுப் பாட்டு முடியும். நான் பல்லவியையே தாண்டவில்லை.

நேற்று வகுப்புக்குத் தனியாகப் போனேன். கர்ப்பிணி இல்லாமல் வந்த முதல் துணை நான்தான் போலிருக்கிறது. எல்லாரும் என் வயிற்றைப் பார்த்தார்கள். நம் மூச்சு மேடம், அதுதான் வகுப்பெடுக்கும் நர்ஸ், "அக்கா எங்கம்மா?" என்றார். "கோபத்துல இருக்காங்க மேடம்" என்றேன். ஏதோ ஊர்ப் பெயர் என்று நினைத்தாரோ என்னவோ, சரி உட்கார் என்றார்.

வகுப்பு முடிந்ததும் நடந்ததை எல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று காதை மூடத் தயாராக இருந்தேன். அவர் திட்டவில்லை, ஒரு கேள்வி கேட்டார்.

"ஐஸ் என்ன பரீட்சையா? யாரு எவ்ளோ நேரம் பிடிச்சாங்கன்னு யாருக்கு வேணும்? வலிக்கறப்போ அவங்க தன்னால என்ன செய்யறாங்கன்னு பாக்கத்தான் குடுக்கறோம். உங்க அக்கா என்ன செஞ்சாங்க?"

எனக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் வலிக்கவில்லையே. கொட்டாவி போக மிச்ச நேரமெல்லாம் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் நீ மூச்சைப் பிடித்துக்கொள்வாய். தோள் இரண்டும் காதுக்கு வந்துவிடும். பிறகு கண்ணை மூடுவாய். மூடியதும் உன் உதடு அசையும். "கிளட்ச்... மெதுவா... அவசரமே இல்ல... ரோட்டப் பாரு... விடு, விடு, மெதுவா விடு." புதிதாக வண்டி பழக வந்து வெடவெடவென்று நடுங்குகிறவர்களிடம் பேசுவாயே, அதே குரல். அந்தக் குரல் வந்ததும் தோள் இறங்கும். முகம் இறங்கும். சும்மா உட்கார்ந்திருப்பவள் மாதிரி இருப்பாய்.

நீ ஐஸைக் கீழே போட்டது எப்போது தெரியுமா? வலி தாங்காமல் இல்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தபோது. எல்லாத் தடவையும் அப்படித்தான். என் கொட்டாவியைப் பார்த்ததும் உன் பேச்சு நிற்கும், கை திறக்கும்.

இதைச் சொன்னதும் மேடம், "அப்போ அவங்க வழிய அவங்களே கண்டுபிடிச்சுட்டாங்க" என்றார். அப்புறம் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

ஆபரேஷன் வேண்டும் என்றால் பண்ணிக்கொள். அதில் ஒரு குறையும் இல்லை என்று அவரும் சொன்னார். ஆனால் என் பிளாஸ்டிக்கைப் பார்த்து முடிவெடுக்காதே.

இடுப்பை இரண்டு பக்கமும் அழுத்தும் பாடத்தை நான் விடவில்லை. அப்பாவை நிற்க வைத்துப் பழகுகிறேன். நாள் முழுக்க ரொட்டித் தட்டு தூக்குகிற மனிதர், "விடுடி, நான் எந்தப் புள்ளையும் பெத்துக்கல" என்று சுவரைப் பிடித்துக்கொள்கிறார்.

வாலு


ஜூலை 9, வியாழன்

வாலு,

நான் அப்படிப் பேசினேன் என்பதை முதலில் நம்பவில்லை. அம்மாவிடம் கேட்டேன். "தூக்கத்துலயே நீ பிரேக்கப் பிடி, பிரேக்கப் பிடின்னுதான் கத்துவ" என்றாள். அம்மாவின் சாட்சி செல்லாது. உன் மாமாவிடம் போனில் கேட்டேன். அவர் கப்பல் இரைச்சல் என்று நழுவிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மருந்துக் கடையில் நின்றுகொண்டிருந்தபோது வலி பிடித்தது. பிரசவ வலி அல்ல, சூட்டு வலிதான்; ஆனால் இதுவரை வந்ததைவிட நீளம். கண்ணாடிப் பலகையைப் பிடித்துக் குனிந்துகொண்டேன். அப்போது என் வாய் என்னைக் கேட்காமலே "மெதுவா... விடு, விடு" என்றது. கடைக்காரர் பயந்துபோய்க் கையிலிருந்த மாத்திரை அட்டையைக் கீழே விட்டுவிட்டார். "உங்கள இல்லங்க" என்று சொல்ல எனக்கு மூச்சு இல்லை.

வலி குறைந்தது என்று எழுத மாட்டேன். வலி இருந்தது. ஆனால் நான் அதற்குள் இல்லை. அது வண்டியை ஓட்டியது, நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பழக்கமான இடம்.

இன்று டாக்டரிடம் போய், ஆபரேஷனுக்குத் தேதி வேண்டாம், தானாக வரட்டும் என்று சொல்லிவிட்டேன். வெள்ளிவரை நேரம் இருந்தது. ஒரு நாள் விட்டால் மனது திரும்பிவிடும் என்று பயம். தேவைப்பட்டால் உடனே செய்துவிடுவோம், அப்போது பிடிவாதம் கூடாது என்றார். கூடாது என்று ஒப்புக்கொண்டேன். வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். சரியாகத்தான் செய்தேனா என்று இந்த வரி எழுதும்வரை தெரியவில்லை.

இதையெல்லாம் எழுதுவதால் நீ உள்ளே வரலாம் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரே ஒரு சந்தேகம், அவ்வளவுதான். இடுப்பை அழுத்தும்போது கையை எங்கே வைத்தாய்? அம்மா வைத்தால் நேராகத் தழும்பின் மேல் போகிறது. உச்சந்தலைவரை மின்னல் வெட்டுகிறது. எழுதி அனுப்பு. படம் வேண்டாம். உன் படங்களை நான் அறிவேன்.

அக்கா


ஜூலை 11, சனி

அக்கா,

நன்றாகக் கேட்டுக்கொள். முதுகின் நடுவே உனக்கு ஒரு ஜிப் இருக்கிறது. அதைத் தொடவே கூடாது. அதற்குக் கீழே, அகலமாக இரண்டு பக்கமும் வர வேண்டும். உட்காரும் தசை தடிப்பாகத் திரண்டிருக்கும் இடத்தில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, இரண்டு கையாலும் ஒரே நேரத்தில், உள்ளுக்குக் கொஞ்சம், மேலுக்குக் கொஞ்சம். பெரிய புத்தகத்தை மூடுவது மாதிரி. கை பலத்தால் தள்ளக்கூடாது, உடம்பைச் சாய்த்து எடையால் தள்ள வேண்டும். வலி ஏறும்போது கூட ஏறி, இறங்கும்போது கூட இறங்க வேண்டும். நடுவில் நிறுத்தக்கூடாது.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினாயா? அம்மா என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். "எனக்குக் கை வராதுடி" என்றிருப்பாள். நீ ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது அந்தத் தழும்புக்கு மருந்து வைத்தவள் அவள். அந்த முதுகைப் பார்த்தாலே அவள் கை அந்த நாளுக்குத்தான் போகும்.

சுடுதண்ணீர் ஷவர், துண்டில் சுற்றிய வெந்நீர்ப் பை, பந்தின் மேல் உட்கார்ந்து ஆடுவது, இதெல்லாம் யார் வேண்டுமானாலும் ஏற்பாடு செய்துவிடுவார்கள். அங்கே வலி குறைய முகர்வதற்குச் சிரிப்பு வாயு என்று ஒன்று வைத்திருக்கிறார்களாம், எனக்குப் போட்டியாக. அதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கடிதத்தால் இடுப்பை அழுத்த முடியாது அக்கா.

செவ்வாயோடு தேர்வு முடிகிறது. புதன் முதல் அப்பாவோடு வேனில் வந்து ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். பெஞ்சுக்குச் சீட்டு தேவையில்லை.

வாலு


ஜூலை 16, வியாழன். ஆஸ்பத்திரி வாசல்

அக்கா,

தரை துடைக்க வரும் ஆயாம்மாவிடம் கெஞ்சி இந்தத் தாளை உள்ளே அனுப்புகிறேன். வாசலில் இருக்கும் காவல்காரம்மா, சீட்டில் பெயர் இல்லை, விட மாட்டேன் என்கிறார். அவரைச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். அவர் சிரித்தார். ஆனால் கதவு திறக்கவில்லை.

நம் அம்மா காலையில் உன்னை உள்ளே விட்டுவிட்டு வந்ததிலிருந்து என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பனிக்குடம் உடைந்துவிட்டது என்று நர்ஸ் வந்து சொன்னார். பனியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, கவனி.

கதவு திறக்கும்போதெல்லாம் உன் குரல் கேட்கிறது. மதியம்வரை "கிளட்ச், மெதுவா" என்று கேட்டது. கடைசியாகத் திறந்தபோது வார்த்தை இல்லை. வெறும் சத்தம்.

சிரிக்க வைக்க வரவில்லை. அழுத்த மட்டும்தான் வருகிறேன். நிறுத்து என்றால் நிறுத்துவேன். போ என்றால் போவேன். பெயரை எழுது அக்கா.


அதே தாளின் பின்புறம்

முதுகைத் தொட வந்த நர்ஸைத் தள்ளிவிட்டேன். ஆபரேஷனுக்கு ரெடி பண்ணட்டுமா என்று கேட்கிறார்கள். இன்னும் கொஞ்சம் என்று சொல்லியிருக்கிறேன். எவ்வளவு கொஞ்சம் என்று தெரியவில்லை. பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். வாயை அந்தப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு வா. ஓடி வா.


ஜூலை 19, ஞாயிறு

வாலு,

கை எப்படி இருக்கிறது? வீங்கிப் போயிருக்கிறது, அப்பா கட்டுப் போட்டு வீட்டுக்குக் கூட்டிப் போனார் என்று அம்மா சொன்னாள். உன்னிடம் போனில் பேசலாம்தான். எண்ணை விடுவித்துவிட்டேன். ஆனால் இதை அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேட்க முடியாது. அம்மா எழுந்திருப்பதே இல்லை. பேத்தி கொட்டாவி விட்டால்கூட எண்ணிக்கொண்டிருக்கிறாள். இவள் கொட்டாவி நிஜம்.

வகுப்புச் சுவரில் ஒரு படம் இருக்குமே, ஒருத்தி பூப்பறிப்பதுபோல் சிரித்துக்கொண்டு பிள்ளை பெறுவாளே, அவளை எங்காவது பார்த்தால் நாலு கேள்வி கேட்க வேண்டும். சுடுதண்ணீர் சிறிது நேரம் உதவியது. பந்து எனக்குப் பிடிக்கவில்லை. சிரிப்பு வாயுவில் வாந்திதான் வந்தது. உன் கை என்ன செய்துகொண்டிருந்தது என்பது, நீ ஒரு வாய் தண்ணீர் குடிக்கக் கையை எடுத்தபோதுதான் தெரிந்தது. "எங்கடி போன" என்று நான் போட்ட சத்தத்தில் அடுத்த அறையிலிருந்து ஆள் ஓடி வந்ததாம்.

கேட்க வந்தது இதுதான். கடைசியில் என்னால் முடியாது, அறுத்து எடுத்துருங்க என்று கத்தினேன். கிளட்ச், பிரேக் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. ஒரு சொல்கூட என்னிடம் மிச்சம் இல்லை. அப்போது நீ பின்னாலிருந்து என் தோளில் முகத்தை வைத்து ஏதோ சொல்ல ஆரம்பித்தாய். தாழ்ந்த குரலில், நிற்காமல், ஒரே இழுவையாக. வார்த்தை எதுவும் புரியவில்லை. அது ஏறியபோது நானும் மூச்சோடு ஏறினேன், இறங்கியபோது இறங்கினேன். தலை தெரிகிறது என்று நர்ஸ் சொன்னதுகூட அதற்கு அப்பால் எங்கோ கேட்டது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்தப் பக்கம் வந்து சேர்ந்தேன்.

அது மூச்சு மேடம் சொல்லிக்கொடுத்ததா? நான் வராத வகுப்பிலா? அடுத்த கட்டிலில் இருப்பவளின் தங்கைக்கு அடுத்த மாதம் பிரசவம். அவளுக்கும் சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். நீ என்ன சொன்னாய் என்று எழுது.

அக்கா


ஜூலை 20, திங்கள்

அக்கா,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணல், ஆள் நேர்.

உன் கேள்விக்கு முதலில் எழுதிய பதில்: அது மிகப் பழைய மந்திரம், வெளியே சொன்னால் பலிக்காது. கிழித்துவிட்டேன். இரண்டாவது பதில்: பதினாறாம் வாய்ப்பாடு. அடுத்த கட்டில் அக்காவின் தங்கை பாவம், நிறைமாத வயிற்றோடு வாய்ப்பாடு மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடுவாள் என்று அதையும் கிழித்தேன்.

நான் எதுவும் சொல்லவில்லை அக்கா.

நீ முடியாது என்று கத்தியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கக் கையை எடுக்க முடியாது, எடுத்தால் நீ கத்துவாய். வாயைத் திறந்து அழுதால் நீ பயந்துவிடுவாய். அதனால் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, உன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். வாயை மூடிக்கொண்டு அழுதால் அந்தச் சத்தம்தான் வரும். வலி ஏறும்போது நீ முழு எடையோடு என்மேல் சாய்ந்தாய், அப்போது எனக்கு அழுகையும் ஏறியது. வேறு ஒன்றுமில்லை.

இதை அந்தத் தங்கைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

குழந்தை வந்தபிறகு உன் சட்டையை மாற்றும்போது நர்ஸ் என்னைப் பார்த்து, "தோள் பக்கம் மட்டும் ஏம்மா இவ்ளோ நனைஞ்சிருக்கு?" என்று கேட்டார்.

வியர்வை என்றேன். நம்பிவிட்டார்.

வாலு